எழுதிய கருத்தைக் காப்பது யார்?

பத்திரிகையின் உட்பக்கத்தில், விளம்பரங்களுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் நடுவே, சில வேளைகளில் சிறிய எழுத்தில் ஓர் அறிவித்தல் வரும். இன்ன பிரதேசத்தில் இன்ன திட்டம் மேற்கொள்ளப்பட உள்ளது. அதன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை இன்ன இன்ன அலுவலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. கருத்துக்கள் இருப்பின் இன்ன திகதிக்கு முன் எழுத்தில் அனுப்பலாம் என்று அதில் இருக்கும். நம்மில் எத்தனை பேர் இதை வாசிக்கிறோம்? வாசித்தவர்களில் எத்தனை பேர் பிரதேச செயலகத்துக்குப் போய் அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்க்கிறோம்? பார்த்து எழுதியவர்களில் எத்தனை பேருக்குத் தாம் எழுதிய கருத்து அதன் பிறகு எங்கே போயிற்று என்று தெரியும்?

மக்கள் பங்கேற்பு என்றால் மக்களைப் பேச வைப்பது என்றே பெரும்பாலும் விளங்கிக்கொள்கிறோம். கூட்டம் கூட்டுகிறோம், கை உயர்த்தச் சொல்கிறோம், வரவுப் புத்தகத்தில் கையொப்பம் வாங்குகிறோம். இதனால் அரைவாசி வேலைதான் முடிகிறது. பேசியது சிதையாமல், பேசியவருடைய சொல்லாகவே, முடிவு எடுப்பவரின் மேசை வரை போய்ச் சேரவேண்டும். முடிவு வந்த பின்னும் தேடினால் கிடைக்கவேண்டும். இந்த மற்ற அரைவாசியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மாத்தளை கண்ட இரண்டு அனுபவங்கள்

தம்புள்ளைக்கு அருகே, கண்டலம குளத்தை நோக்கிய மலைச்சாரலில், 1990களின் தொடக்கத்தில் பெரிய சுற்றுலா ஹோட்டல் ஒன்று கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த அந்த ஹோட்டல் 1994இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அதை எதிர்த்துப் பெரும் இயக்கம் ஒன்று எழுந்தது. தம்புள்ளை விகாரையின் இனாமலுவே சுமங்கல தேரர் அதன் முன்னணியில் நின்றார். குளத்து நீர் மாசுபடுமா, அந்த நீரை நம்பியிருக்கும் கிராமங்களின் கதி என்ன என்ற கேள்விகள் எழுந்தன. ஊர்வலத்திலும் மேடையிலும் பத்திரிகையிலும் அவை உரத்து ஒலித்தன.

ஆனால் அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்கும் சட்ட முறை அன்று நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, மக்கள் கருத்துக்கு அதில் இடம் தரப்பட்டது உண்மை. எந்த வகையான திட்டங்களுக்கு அது பொருந்தும் என்ற பட்டியலோ 1993 ஜூன் மாதத்தில்தான் வர்த்தமானியில் வெளியானது. கண்டலமவில் கட்டட வேலை அதற்கு முன்னரே ஆரம்பமாகிவிட்டது.

இரண்டாவது அனுபவம் மொறகஹகந்த, களு கங்கை நீர்த்தேக்கங்கள் பற்றியது. 2007இல் தொடங்கிய இத்திட்டத்தில், அம்பன் கங்கைக்குக் குறுக்கே அமைந்த மொறகஹகந்தையில் 2017இலும், லக்கலைப் பக்கத்துக் களு கங்கையில் 2018இலும் நீர் தேக்கப்படத் தொடங்கியது. உலர் வலயத்து வயல்களுக்கு நீர் கிடைத்தது. மறுபக்கத்தில் மாத்தளை மாவட்டத்துக் குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்தன. பழைய லக்கலை நகரமும் புதிய இடத்துக்கு மாறியது. இத்திட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கு வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கும்படி கேட்கிறோம். ஓர் ஊர் நீருக்குள் போன பிறகு, இந்த இடத்தில் கிணறு இருந்தது, இந்த வரம்பு வரை எங்கள் வயல், இந்த மரத்தடியில் எங்கள் கோயில் என்று காட்டுவதற்கு நிலத்தில் அடையாளம் எதுவும் இருப்பதில்லை. முன்கூட்டியே கடதாசியில் பதிந்திருந்தால் அது மட்டுமே மிஞ்சும்.

சட்டம் தரும் இடம்

பட்டியலில் உள்ள ஒரு திட்டத்துக்கு முழு அளவிலான மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்பட்டால், அதைப் பார்வையிடும் இடத்தையும் நேரத்தையும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவிக்கவேண்டும். பொதுமக்களில் எவரும் முப்பது நாட்களுக்குள் கருத்து அனுப்பலாம். (நாட்களை நாமே எண்ணிக் கொண்டிராமல், அறிவித்தலில் அச்சிட்டுள்ள கடைசித் திகதியையே கணக்கில் எடுக்கவேண்டும்.) பொதுநலன் கருதி அவசியம் என்று கண்டால் அங்கீகாரம் வழங்கும் நிறுவனம் கருத்து எழுதியவர்களை நேரில் அழைத்துக் கேட்கலாம். அங்கீகாரம் வழங்குவதா இல்லையா என்று தீர்மானிக்கும்போது இக்கருத்துக்களை அது கவனத்தில் எடுத்தே ஆகவேண்டும்.

இனித்தான் நாம் கண்ணைத் திறந்து பார்க்கவேண்டிய இடம் வருகிறது. வந்து சேர்ந்த கருத்துக்கள் திட்டத்தை முன்வைத்தவருக்கே அனுப்பப்படுகின்றன. அவர் எழுத்தில் பதில் கொடுக்கிறார். அந்தப் பதிலையும் வைத்துக்கொண்டு முடிவு எடுக்கப்படுகிறது. ஆனால் கருத்து எழுதியவருக்குத் தனித்தனியே பதில் அனுப்பவேண்டும் என்று சட்டத்தின் அந்தப் பிரிவு சொல்லவில்லை. மேலும், அங்கீகாரம் மறுக்கப்பட்டால் திட்டத்தை முன்வைத்தவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி உண்டு. அங்கீகாரம் கிடைத்துவிட்டால் ஊர் மக்களுக்கு அப்படி ஒரு மேன்முறையீடு இல்லை. நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. அந்த ஒரு மாதத்துக்குள் கையில் என்ன கடதாசி இருக்கிறது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

சிறிய திட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை அறிக்கை மட்டுமே கேட்கப்படும். அதற்கு இந்த முப்பது நாள் முறை கட்டாயமில்லை. எனினும் அதுவும் பொது ஆவணமே. எவரும் பார்வையிடலாம், அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். கலேவெல போன்ற எல்லைப் பகுதி வாசகர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. குருநாகல் பக்கத்துக்குப் போனால் வடமேல் மாகாணத்துக்கென 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தனிச் சுற்றாடல் நியதிச்சட்டம் இருக்கிறது.

கருத்து தொலையும் இடங்கள்

ஓர் உதாரணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பிரிவுக்கு மேலே பெரிய கல் குவாரி வரப்போகிறது. மக்கள் கூட்டத்தில் மேட்டு லயத்து அம்மா ஒருவர் எழுந்து சொல்கிறார்: "மாசி பங்குனியில எல்லாப் பீலியும் வத்திப்போயிரும். அந்தக் கல்லடியில இருந்து வர்ற தண்ணி மட்டுந்தான் நிக்கும். கல்லை ஒடைச்சா நாங்க தண்ணிக்கு எங்க போறது?"

சங்கத்தின் செயலாளர் கூட்ட அறிக்கையில் எழுதுகிறார்: "குடிநீர்ப் பிரச்சினை பற்றிக் கலந்துரையாடப்பட்டது." அந்த அறிக்கையைப் பார்த்து அனுப்பப்படும் கடிதத்தில், "மக்கள் குடிநீர் தொடர்பாகக் கவலை தெரிவித்தனர்" என்று வருகிறது. திட்டத்தின் ஆலோசகர்கள் தயாரிக்கும் அட்டவணையில் இது வேறு பல கடிதங்களோடு சேர்ந்து, "நீர் வளம் பற்றிய பொதுவான கவலைகள்" என்று ஒரே வரியாகிறது. எதிரே பதில்: "தகுந்த நடவடிக்கைகள் எடுக்கப்படும்."

இதில் எவரும் பொய் எழுதவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்ன மூன்று விஷயங்கள், அதாவது எந்த மாதம், எந்த ஊற்று, வேறு வழி உண்டா என்பவை, மூன்று படியில் மறைந்துவிட்டன. அவை இருந்திருந்தால் "தகுந்த நடவடிக்கை" என்று பதில் எழுதித் தப்ப முடியாது. அந்த ஊற்றை அளந்து பார்க்கவேண்டி வந்திருக்கும்.

மொழியும் இப்படித்தான். தமிழில் சொன்னது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சுருங்கிப் போகும்போது கூர்மை மழுங்கிவிடுகிறது. வடக்குக் கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலகங்களோடு தமிழில் கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை எமக்கு உரிமை தருகிறது. எனவே மூலக் கருத்தைத் தமிழிலேயே எழுதலாம். மொழிபெயர்ப்பு வேண்டுமானால் அதைத் தனியாக இணைக்கலாம். மூலம் அழியக்கூடாது.

இன்னொரு இடம் அறிக்கையே மாறிவிடும் இடம். முதல் வரைவைப் பார்த்து நாம் கருத்து எழுதுகிறோம். பிறகு வரைவு திருத்தப்படுகிறது. பக்க இலக்கங்கள் மாறுகின்றன. சில வேளை திட்டத்தின் இடமே மாறுகிறது. நாம் "43ஆம் பக்கம்" என்று எழுதியது புதிய அறிக்கையில் வேறு எதையோ காட்டும். எந்தத் திகதியிட்ட வரைவைப் பார்த்து எழுதினோம் என்பதைக் குறிக்காவிட்டால் நம் கருத்து அந்தரத்தில் தொங்கும்.

கடைசியாகப் பயம். தோட்ட லயத்தில் குடியிருப்பவர், வேலையும் வீடும் ஒரே இடத்தில் தங்கியிருப்பதால், தன் பெயரில் கடிதம் எழுத யோசிப்பார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லமாட்டோம். அவருடைய கருத்தைச் சங்கத்தின் பெயரில் அனுப்பி, அவருடைய பெயரைச் சங்கத்துக்குள் காப்பதும் கருத்தைக் காப்பதன் ஒரு பகுதியே.

நீதிமன்றங்கள் காட்டிய வழி

எழுத்தில் உள்ள எதிர்ப்பின் பலத்தை எமது நாட்டிலேயே கண்டிருக்கிறோம். அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலவில் பொஸ்பேற் கனிப்பொருளை அகழ்வதற்குப் பன்னாட்டுக் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்யும் முயற்சி நடந்தது. அப்பகுதி மக்கள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார்கள். நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க 2000 ஜூனில் எழுதிய தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. முறையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்பது அதன் சாரம். மக்கள் கருத்துக் கூறும் கட்டத்தைத் தாண்டிக் குதிக்க முடியாது என்று இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

தெற்கு அதிவேகப் பாதை வழக்கு இன்னொரு பாடம். மதிப்பீட்டு அறிக்கையில் ஆராயப்பட்ட பாதை பின்னர் சில இடங்களில் மாற்றப்பட்டது. மாறிய பாதையில் நிலம் இழந்தவர்களுக்குத் தம் பக்கத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. 2004 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர்களுடைய உரிமை மீறப்பட்டதை ஏற்று, நட்டஈடு வழங்கும்படி கூறியது. பாதை மட்டும் மாறவில்லை. காலம் கடந்து கிடைக்கும் நீதி நிலத்தைத் திருப்பித் தராது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்கவேண்டும்.

அயலில் இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றாடல் அறிவித்தலில் நல்ல நடைமுறை ஒன்று இருக்கிறது. மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் முடியும்போது, அங்கு பேசப்பட்டவற்றின் குறிப்பை உள்ளூர் மொழியில் கூட்டத்துக்கு உரத்து வாசித்துக் காட்டவேண்டும். அதன் பின்னரே மாவட்ட அதிகாரி அதே நாளில் கையொப்பமிடுகிறார். மக்கள் எழுப்பிய விஷயங்களும் அவற்றுக்குத் திட்டக்காரர் சொன்ன பதில்களும் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் தொகுக்கப்பட்டு அந்தக் குறிப்புடன் இணைக்கப்படுகின்றன. நடைமுறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் வாசித்துக் காட்டுவது என்ற அந்த ஒரு செயலுக்குப் பணமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். எமது மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் அடுத்த கூட்டத்திலேயே இதை ஆரம்பிக்கலாம். மேட்டு லயத்து அம்மா அந்த இடத்திலேயே, "நான் சொன்னது அப்படி இல்லையே" என்று திருத்துவார்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒவ்வொரு சங்கமும் கருத்துப் பதிவேடு ஒன்றை வைத்திருக்கட்டும். சாதாரண சீ.ஆர். கொப்பி போதும். இலக்கம், திகதி, சொன்னவர், சொன்னது, அறிக்கையின் பக்கம், அனுப்பிய திகதி, கிடைத்த பதில் என்று ஏழு கட்டங்கள் போட்டுக்கொள்ளலாம். சொன்னதை அவரவர் சொற்களிலேயே எழுதவேண்டும். ஒருவர் மட்டும் மாறுபட்டுப் பேசியிருந்தாலும் அதையும் எழுதவேண்டும்.

2. ஒரு கருத்துக்கு ஓர் இலக்கம். பத்து விஷயங்களை ஒரே பந்தியில் கலந்து எழுதினால் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு ஒன்பதை விட்டுவிடுவது எளிது.

3. பொதுவாக எழுதாமல் குறித்து எழுதவேண்டும். "குவாரி வேண்டாம்" என்பதற்கு அட்டவணையில் பதில் எழுதுவது சுலபம். "இன்ன திகதி வரைவின் இன்ன பக்கத்தில் அருகில் நீரூற்று இல்லை என்று உள்ளது. ஆனால் இன்ன இடத்தில் ஊற்று ஒன்று உண்டு. வரட்சி மாதங்களில் இத்தனை குடும்பங்கள் அதையே நம்பியுள்ளன. அதை அளந்தீர்களா?" என்பதற்குப் பதில் சொல்ல ஆள் வந்து பார்க்கவேண்டும்.

4. நாம் பார்த்த பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைக்கவேண்டும். முகப்புப் பக்கமும் திகதியும் அதில் தெரியவேண்டும்.

5. கருத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பதிவேட்டில் ஒட்டவேண்டும். நேரில் கொடுத்தால் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்கவேண்டும். ஒரு பிரதி செயலாளரிடமும் இன்னொன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். மலைநாட்டு மழையில் கூரை ஒழுகாத வீடு எது என்று நமக்குத் தெரியும்.

6. தவணை முடிந்த பின் பேசாமல் இருந்துவிடக்கூடாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. "எமது இன்ன இலக்கக் கருத்துக்குத் திட்டத்தை முன்வைத்தவர் கொடுத்த பதிலின் பிரதி தேவை" என்று அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தைச் சொல்லவேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் அதை எழுத்தில் பதிந்து உதவுவது அவரது கடமை.

கணினியில் சுற்றும் வரைவுகள்

இப்போது எமது அமைப்புகளில் கிராம அபிவிருத்தித் திட்ட வரைவுகளும், மேலே சொன்ன கருத்துக் கடிதங்களும் கணினியிலேயே பலரிடம் சுற்றி வருகின்றன. இளைஞர்கள் வரைவின் ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார்கள். கடைசியில் தட்டச்சு செய்பவர் "சுத்தம் செய்கிறேன்" என்று எல்லாக் குறிப்புகளையும் ஒரே தட்டில் நீக்கிவிடுகிறார். யார் என்ன சொன்னார், எதை ஏற்றோம், எதை ஏன் விட்டோம் என்ற விபரம் அதோடு போய்விடுகிறது.

இதைத் தடுப்பது கடினமல்ல. கூகுள் டொக்ஸ் போன்ற பொதுக் கோப்பில், எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுக்காமல், குறிப்பு எழுதும் அனுமதியை மட்டும் கொடுக்க முடியும். மைக்ரோசொப்ட் வேர்டிலும் குறிப்பு மட்டும் எழுதக்கூடியதாகக் கோப்பைப் பூட்டி வைக்க வசதி உண்டு. மூலக் கோப்பைத் திருத்தும் பொறுப்பு ஒருவருக்கும், குறிப்புகளைக் காக்கும் பொறுப்பு வேறொருவருக்கும் இருக்கட்டும். குறிப்புகளை நீக்குவதற்கு முன் அவை அனைத்தும் உள்ள பிரதி ஒன்றைத் திகதியிட்டு வேறாகச் சேமித்து, முடிந்தால் அச்சிட்டுப் பதிவேட்டுடன் வைக்கவேண்டும். ஏற்காத குறிப்புக்கும் "ஏற்கவில்லை, காரணம் இது" என்று ஒரு வரி எழுதவேண்டும். அரச அலுவலகத்திடம் நாம் எதிர்பார்க்கும் அதே மரியாதையை எமது அங்கத்தவருக்கு நாமும் கொடுக்கவேண்டும் அல்லவா?

மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. ஒவ்வொரு பிரிவிலும் பத்திரிகை அறிவித்தல்களைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்ல ஒருவர், அறிக்கையைப் போய்ப் பார்த்து வர இருவர், பதிவேட்டைக் காக்க ஒருவர் என நாலு பேர் முன்வந்தால் போதும். அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபின் கிடைக்கும் முப்பது நாட்களில் கொப்பி வாங்கி, கட்டம் போட்டு, ஆள் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. எனவே இந்த மாதக் கூட்டத்திலேயே அந்த நாலு பேரையும் தெரிவு செய்து, கொப்பியின் முதற் பக்கத்தில் அவர்களுடைய பெயர்களை எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.